மார்ச் மாதத்துக் கன்றுகள்

திருவொற்றியூர்

அன்புள்ள மல்லி,

நலம்தானே? அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. சின்னவன் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டான். கண்ணாடி டீச்சர் உன்னை விசாரித்தார். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். நான் பக்கம் பக்கமாக எழுதினால் வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரலைக் காட்டுகிற ஆள் நீ. இந்தத் தடவை அது செல்லாது, பதில் வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியின் சி.எஸ்.ஆர். வேலை, அதாவது லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கிற வேலை, என் கைக்கு வந்ததைச் சொன்னேன் இல்லையா? மறுசுழற்சிக் காகிதத்தில் பெட்டி செய்கிறோம், சுற்றுச்சூழல் மேல் உண்மையிலேயே அக்கறை உள்ளவர்கள்தான் இங்கே அதிகம். அதனால்தான் அந்தக் கன்றுகளைப் பார்த்து எனக்கு அத்தனை கோபம். போன வருஷம் மார்ச் கடைசியில் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் நட்டவை. மே மாதம் போய்ப் பார்த்தால் கூண்டு நிற்கிறது, கூண்டில் எங்கள் பெயர் பளிச்சென்று இருக்கிறது, உள்ளே வெறும் குச்சி. ஒன்றைப் பிடுங்கினேன். நர்சரியின் கறுப்புப் பையைக்கூடக் கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்கியிருக்கிறார்கள். வேர் பைக்குள்ளேயே சுருண்டு காய்ந்து கிடந்தது. பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா சொன்னார்: "வெச்ச அன்னிக்கு வேன்ல வந்து போட்டோ புடிச்சாங்க. அப்புறம் தண்ணி ஊத்த ஒருத்தரும் வரலம்மா."

ஏன் மார்ச் தெரியுமா? 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. வருஷ நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது. மிச்சமானால் ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட ஒரு நிதிக்குக் கட்டிவிட வேண்டும். அதனால் பிப்ரவரி வந்ததும் பதறிக்கொண்டு கன்று, கூண்டு, போட்டோ. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி வாழ்கிற ஊர் இது. அக்னி நட்சத்திரத்தை எதிரே வைத்துக்கொண்டு இங்கே செடி நடுவது பாவம் இல்லையா?

ஆனால் அதே சட்டத்தில் வழியும் இருக்கிறது. 2021 ஜனவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழு முடிவு செய்தால், மீதிப் பணத்தை ஏப்ரல் 30-க்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். இதை வைத்துத்தான் மல்லுக்கு நின்றேன். மண் பரிசோதனையும் வேலி வேலையும் பிப்ரவரியில் தொடங்கிவிட்டோம், நடுவது மழைக்குத்தான். மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றக் குப்பத்துப் பெண்கள் குழுவுக்கே மாதச் சம்பளம். ஒத்துக்கொண்டார்கள் மல்லி! அன்றைக்கு டோல்கேட் வரைக்கும் நடந்தே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு சண்டையும் நடந்தது. கழிவுநீர் சுத்திகரிப்புக்கு ஆன செலவையும் இதில் சேர்க்கலாமா என்று அக்கவுண்ட்ஸில் கேட்டார்கள். வேறு சட்டப்படி செய்தே தீர வேண்டியதை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதக் கூடாது என்று விதியே சொல்கிறது. விதி இல்லாவிட்டாலும் எழுதலாமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்து படகும் வலையும் கறுத்துப்போனதே, அந்தக் கருவாட்டு அக்கா வீட்டுப் படகும் அதில் மாட்டியது. வாரக்கணக்கில் கடலுக்குப் போகவில்லையாம். நம் அழுக்கை நாம் கழுவிவிட்டு, அதை அவருக்குச் செய்த உதவி என்று அறிக்கையில் எழுத எனக்குக் கை வராது. எழுதவும் விடவில்லை.

சரி, இப்போது உன் வேலை. புன்னையும் பூவரசும் என்று நினைத்திருக்கிறேன், உப்புக் காற்றைத் தாங்கும். தோட்டக்கலை படித்தவள் நீ, சொல்: எத்தனை அடிக் கன்றாக வாங்கலாம்? மண் ரொம்ப உவராக இருக்கிறது, ஜிப்சம் போட்டால் போதுமா, வண்டல் மண் அடிக்க வேண்டுமா? முதல் கோடைக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர்? செப்டம்பருக்குள் நர்சரியில் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் எழுதுடி.

உன்,
கலா