அணைத்துக் கொடுப்பது ரிப்பேர் ஆகாது: கொங்கு வட்டாரக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கோவை காந்திபுரத்தில் இருந்து காங்கேயம், தாராபுரம், கோபி வரைக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துச் சரிசெய்து தரும் எல்லோருக்கும் இதை எழுதுகிறோம். நாங்களும் இதே தொழில்தான். எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. டேலி கணக்கு சாஃப்ட்வேர் கனெக்ட் ஆகவில்லை, பிரிண்டர் காட்டவில்லை, ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் விழவில்லை என்று மெஷின் வந்தால், ஆன்டிவைரசையும், நெட்வொர்க் வழியே அனுமதியில்லாமல் வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலையும் மொத்தமாக அணைத்துவிட்டு "சரியாயிருச்சுங்க" என்று கொடுத்தனுப்பாதீர்கள். எது தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு மட்டும் வழி விடுங்கள்.

நம் பக்கத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் பாதி வீடுகளில் ஆபீஸ் கம்ப்யூட்டரும் அதுவேதான். சோமனூரில் தறிக்கணக்கு, திருப்பூரில் ஜாப் ஒர்க் பில், நாமக்கல்லில் கோழிப்பண்ணை வரவு செலவு, எல்லாம் வீட்டு ஹாலில் இருக்கும் ஒரே மெஷினில் ஓடுகின்றன. அதே மெஷினில் பையன் கேம் டவுன்லோடு செய்கிறான், அப்பா நெட் பேங்கிங் போகிறார். பாதுகாப்பை அணைத்த அந்த மெஷினுக்குள், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தால் போவது அந்தக் குடும்பத்தின் பல வருடக் கணக்கு.

முதலில் தேதியைப் பாருங்கள். ராத்திரி மெயின் சுவிட்சையே அணைத்துவிடும் வீடுகளில் பழைய டெஸ்க்டாப்பில் தேதியைக் காப்பாற்றும் சிமாஸ் செல் (மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி) சீக்கிரம் தீர்ந்துவிடும். செல் போனால் தேதி பல வருடம் பின்னுக்குப் போகும். தேதி தப்பானால் ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகாது, லைசென்ஸ் செல்லாது என்று சொல்லும், எந்தத் தளத்தைத் திறந்தாலும் சர்டிபிகேட் பிழை வரும். பார்ப்பவர்களுக்கு அது ஆன்டிவைரஸ் கோளாறு போலவே தெரியும். சிஆர்2032 செல்லைக் கழற்றி மல்டிமீட்டரில் வையுங்கள். நல்ல செல் 3 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 2.5க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள். பல மெஷின்களுக்கு இதற்கு மேல் வேலையே இருக்காது.

அடுத்து ஃபயர்வால். விண்டோஸ் ஃபயர்வால் இயல்பான அமைப்பில் உள்ளே வரும் இணைப்புகளைத்தான் தடுக்கும். வெளியே போவதை, தனியாக விதி எழுதாத வரைக்கும், தடுக்காது. ஆகவே "பேங்க் சைட் திறக்கலைங்க" என்ற புகாருக்கு அதை அணைப்பதால் எந்தப் பலனும் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது தேதி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை), ஆன்டிவைரசில் இணையத் தளங்களைச் சோதிக்கும் வெப் ஷீல்டு.

ஃபயர்வால் உண்மையிலேயே குறுக்கே நிற்கும் இடம் வீட்டுக்குள் ஒரு மெஷின் இன்னொன்றோடு பேசும்போதுதான். மோடம் மாற்றியதும் டேலி நின்றுவிட்டது, ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை என்ற புகாரை எடுத்துக்கொள்வோம். மோடம் மாறினால் விண்டோசுக்கு அது புது நெட்வொர்க். புது நெட்வொர்க்கைப் பப்ளிக் என்றே அது எடுத்துக்கொள்ளும். பப்ளிக்கில் ஃபைல் ஷேரிங் அடைபட்டிருக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய், இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் பிராப்பர்டீஸில் பிரைவேட் என்று மாற்றுங்கள். இரண்டு மெஷினிலும் மாற்ற வேண்டும். லேப்டாப்பை டீக்கடை வைஃபையிலோ லாட்ஜிலோ இணைக்கும்போது பப்ளிக்காகவே விட வேண்டும் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்புங்கள்.

அதற்குப் பிறகும் இரண்டாவது மெஷினுக்கு டேலி லைசென்ஸ் கிடைக்காவிட்டால் லாக்கை, அதாவது ஃபயர்வால் எதைத் தடுத்தது என்று எழுதிவைக்கும் பதிவைப் பாருங்கள். லைசென்ஸ் இருக்கும் மெஷினின் ரன் பெட்டியில் 'டபிள்யூஎஃப் டாட் எம்எஸ்சி' கொடுத்து ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு திரையைத் திறந்து, பிராப்பர்டீஸில் பிரைவேட் புரொஃபைல் தாவலில், லாகிங் பகுதியின் கஸ்டமைஸ் போய், 'லாக் டிராப்டு பேக்கெட்ஸ்' என்பதற்கு 'யெஸ்' கொடுங்கள். லாக் எந்த ஃபோல்டரில் விழும் என்று அதே பெட்டியில் இருக்கும். இப்போது இரண்டாவது மெஷினில் டேலியைத் திறந்து பிழையை வரவழையுங்கள். பிறகு லாக்கின் கடைசி வரிகளைப் பாருங்கள். தேதி, நேரம், அடுத்து 'டிராப் டிசிபி', அடுத்து 192.168.1.7, 192.168.1.4, 51544, 9999 என்று ஒரு வரி நிற்கும். முதல் முகவரி கூப்பிட்ட மெஷின், இரண்டாவது நம் மெஷின். இந்த நான்கில் கடைசி எண் கூப்பிட்டவர் தட்டிய போர்ட், அதாவது மெஷினுக்குள் போகும் கதவின் எண். 9999 என்றால் டேலியின் லைசென்ஸ் சர்வர். 445 என்றால் ஃபைல் ஷேரிங். அப்படி ஒரு வரியும் இல்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கவே இல்லை. மோடத்தில் கெஸ்ட் வைஃபையோ, மெஷின்கள் தங்களுக்குள் பேசாமல் தடுக்கும் ஏபி ஐசொலேஷனோ போட்டிருக்கிறதா, ஆன்டிவைரசுக்குள் தனி ஃபயர்வால் இருக்கிறதா என்று பாருங்கள்.

வரி கிடைத்துவிட்டது என்றால், உடனே புது விதி எழுதாதீர்கள். அதே ஃபயர்வால் திரையின் இன்பவுண்ட் ரூல்ஸ் (உள்ளே வருவதற்கான விதிகள்) பட்டியலில் அந்த புரோகிராம் பெயரில் சிவப்புக் குறியோடு ஏதாவது விதி இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு புரோகிராம் முதல் முறை ஓடும்போது 'அலோ' வேண்டுமா என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டுமே, அதில் வீட்டுக்காரர் பயந்துபோய் 'கேன்சல்' அழுத்தியிருப்பார். கேன்சல் அழுத்தினாலே டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று என்று பிளாக் விதிகள் விழுந்துவிடும். பிளாக்கும் அலோவும் சேர்ந்து இருந்தால் பிளாக்தான் ஜெயிக்கும். 'எத்தனை அலோ போட்டாலும் வேலை செய்யல' என்று கடைசியில் ஃபயர்வாலையே அணைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்தச் சிவப்பு விதிகளை நீக்குங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால் நியூ ரூல், போர்ட், டிசிபி, 9999, அலோ கொடுத்து, புரொஃபைலில் பிரைவேட்டை மட்டும் டிக் செய்யுங்கள். விதியின் பிராப்பர்டீஸில் ஸ்கோப் தாவலில் ரிமோட் ஐபி இடத்தில் 'லோக்கல் சப்நெட்' கொடுத்துவிட்டால் வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டி யாருக்கும் அந்தக் கதவு திறக்காது. வேலை முடிந்ததும் லாகிங்கை அணைத்துவிடலாம்.

445ஐப் பற்றி ஒரு வார்த்தை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது இந்தப் போர்ட் வழியாகத்தான். அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அப்டேட் போடாத மெஷின்கள்தான் மாட்டின. ஃபயர்வாலையும் அணைத்து, விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திக் கொடுக்கும் பழக்கம் நம் கடைகளில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வதைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் சர்வீசையே டிஸேபிள் செய்வது இன்னும் மோசம். மைக்ரோசாஃப்டே அதைச் செய்யாதீர்கள் என்று சொல்கிறது. ஸ்டார்ட் மெனு திறக்காமல் போகலாம், ஸ்டோர் ஆப்கள் இன்ஸ்டால் ஆகாமல் நிற்கலாம். அப்படிப்பட்ட மெஷின் வந்தால் முதலில் சர்வீசஸ் பட்டியலில் 'பேஸ் ஃபில்டரிங் என்ஜின்' ஓடுகிறதா என்று பாருங்கள். அது நின்றிருந்தால் ஃபயர்வால் சர்வீஸ் எழுந்திருக்காது. அதை ஆட்டோமேட்டிக் ஆக்கி ஓட வைத்த பிறகுதான் ஃபயர்வால் சர்வீசைத் தொட வேண்டும்.

ஆன்டிவைரஸ் பக்கம் வருவோம். புது லேப்டாப்போடு மெக்காஃபி டிரையல் வந்திருக்கும். அதன் மேல் கடையில் கே7 அல்லது குவிக் ஹீல் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஃபைல் திறக்கும் ஒவ்வொரு முறையும் நடுவில் புகுந்து பார்க்கும் டிரைவரை வைத்திருக்கிறது. இரண்டு டிரைவர்கள் ஒரே ஃபைலுக்கு நின்றால் 4 ஜிபி ரேம் மெஷின் நகராது, சில நேரம் ப்ளூ ஸ்கிரீனும் வரும். ஒன்றை மட்டும் வையுங்கள். மற்றதை ஆப்ஸ் பட்டியலில் அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்து, அந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலையும் ஓட்டி, மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து 'எஃப்எல்டிஎம்சி' (fltmc) கொடுத்தால் எந்தெந்த ஃபில்டர் ஏறியிருக்கிறது என்று பட்டியல் வரும். நீக்கிய கம்பெனியின் பெயர் இன்னும் அதில் தெரிந்தால் நீக்கம் முழுமையாகவில்லை.

ஆன்டிவைரசை நீக்கியதும் இன்டர்நெட்டே போய்விட்டது என்பார்கள். நெட்வொர்க் அடாப்டரின் பிராப்பர்டீஸ் பட்டியலில் பழைய ஆன்டிவைரசின் ஃபில்டர் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் தேர்ந்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' கொடுத்து ரீஸ்டார்ட்.

லைசென்ஸ் புதுப்பிக்க வாடிக்கையாளருக்கு விருப்பம் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். விண்டோஸ் 8 தொடங்கி மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரசாகக் கூடவே வருகிறது. காலாவதியானதை முழுதாக நீக்கினால் அது தானாக எழுந்து வேலைக்கு வரும். காலாவதியான ஆன்டிவைரசை அப்படியே விட்டுவிடுவதுதான் ஆபத்து.

ஜிஎஸ்டி கையொப்பப் பிரச்சினை தனி வகை. கையொப்பம் போட உதவும் எம்சைனர் புரோகிராம் அதே மெஷினுக்குள், 127.0.0.1 என்ற முகவரியில் ஒரு சின்ன சர்வராக ஓடுகிறது. பிரவுசர் அதோடு பேசுகிறது. பூட்டிய இணையப் பேச்சைப் பிரித்துப் பார்க்கும் ஆன்டிவைரசின் ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேன் நடுவில் புகுந்தால் பேச்சு அறுந்துவிடும். புகுந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஏதாவது ஒரு சாதாரண ஹெச்டிடிபிஎஸ் தளத்தைத் திறந்து, முகவரிப் பட்டையின் ஓரக் குறியை அழுத்தி சர்டிபிகேட்டைப் பாருங்கள். 'இஷ்யூடு பை' என்ற இடத்தில் ஆன்டிவைரஸ் கம்பெனியின் பெயர் இருந்தால் புகுந்திருக்கிறது. அந்த ஆன்டிவைரஸ் செட்டிங்ஸில் 127.0.0.1க்கும் எம்சைனருக்கும் மட்டும் விலக்கு கொடுங்கள். எம்சைனரை அட்மினாக ஓட்டவும் மறக்காதீர்கள். வெப் புரொடெக்ஷன் மொத்தத்தையும் அணைக்க எந்தத் தேவையும் இல்லை.

எங்களை மிகவும் வருத்துவது எக்ஸ்க்ளூஷன் பட்டியல், அதாவது ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விட வேண்டியவற்றின் பட்டியல். திருட்டு விண்டோஸ், திருட்டு ஆபீஸ், கிராக் செய்த எம்பிராய்டரி டிசைன் சாஃப்ட்வேர் போடும்போது டிஃபெண்டர் அவற்றைத் திறந்துவிடும் ஆக்டிவேட்டரைப் பிடித்துவிடுகிறது என்று சி டிரைவையே எக்ஸ்க்ளூஷனில் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகும் டாஸ்க்பாரில் பச்சை டிக் அப்படியே நிற்கும். வீட்டுக்காரர் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்புவார். உள்ளே சி டிரைவில் எதுவுமே சோதிக்கப்படாது. இது வாடிக்கையாளரின் நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வோம். எந்த மெஷின் வந்தாலும் விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று போய் ஒரு முறை பாருங்கள். முழு டிரைவ், டவுன்லோட்ஸ், டெம்ப், யூசர்ஸ் ஃபோல்டர் இருந்தால் நீக்குங்கள். டேலி மெதுவாக இருக்கிறது என்றால் டேலியின் டேட்டா ஃபோல்டர் ஒன்றை மட்டும் போடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

'உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறார்' என்று வீட்டு மெஷினில் டிஃபெண்டர் சொன்னால் பெரும்பாலும் யாரோ விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் கை வைத்திருக்கிறார்கள். ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர் என்று இறங்குங்கள். டிஃபெண்டரை அணைக்கும் 'டிஸேபிள்ஆன்டிஸ்பைவேர்' பெரும்பாலும் 1 என்று இருக்கும். எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு அதை அழித்து, ரீஸ்டார்ட் செய்து, டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். விண்டோஸ் ஏறும் முன்னாலேயே ஓடுவதால் ஒளிந்திருப்பது தப்பிப்பது கடினம். சுமார் 15 நிமிடம் ஆகும்.

ஜெராக்ஸ் கடை போய் வந்த பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது என்று வருவார்கள். பார்மட் செய்யாதீர்கள், ஃபைல்கள் அங்கேயேதான் இருக்கின்றன. ஷார்ட்கட் எதையும் கிளிக் செய்யாமல் முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்வதோடு, 'புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுக்க வேண்டும். இரண்டாவதைச் செய்யாததால்தான் பலருக்கு எதுவும் தெரிவதில்லை.

மூலையில் 'உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதி, 5 வைரஸ்' என்று அடிக்கடி வருவது பெரும்பாலும் குரோமின் நோட்டிஃபிகேஷன்தான். சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத தளங்களை நீக்கினால் முடிந்தது. இதற்குப் போய் பார்மட் காசு வாங்காதீர்கள். அந்தப் பெட்டியில் இருந்த எண்ணைக் கூப்பிட்டுப் பணம் அனுப்பிவிட்டேன் என்று யாராவது சொன்னால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தாலும், விண்டோஸில் உள்ள ஓட்டைகளை அது அடைக்காது. மெஷினுக்கு விண்டோஸ் 11 ஏறுமா, நீட்டிக்கப்பட்ட அப்டேட்டில் சேர்க்கலாமா என்று வாடிக்கையாளரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

மெஷினைத் திருப்பித் தரும் முன், ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்க்கவே உருவாக்கிய ஐகார் சோதனை ஃபைலை ஒரு முறை டவுன்லோடு செய்து பாருங்கள். 68 எழுத்து கொண்ட வெறும் உரைதான், தீங்கு எதுவும் செய்யாது. எல்லா ஆன்டிவைரசும் அதைப் பிடித்தாக வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வேலை முடியவில்லை.

கடைசியாக, பில்லின் பின்பக்கத்தில் நான்கு விவரம் எழுதிக் கொடுங்கள்: எந்த ஆன்டிவைரஸ் ஓடுகிறது, லைசென்ஸ் எந்தத் தேதி வரை, ஃபயர்வாலில் என்ன விதி சேர்த்தோம், எக்ஸ்க்ளூஷனில் எந்த ஃபோல்டர் இருக்கிறது. அடுத்த முறை அந்த மெஷின் உங்களிடம் வந்தாலும் பக்கத்துக் கடைக்குப் போனாலும், பார்ப்பவர் அந்தத் தாளில் இருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் உங்கள் தொழில் தோழர்கள்