ஊர்ப்பெயரை அந்த ஊரில் கேட்டு எழுதுங்கள்

யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்நாட்டை வரைந்துவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன். ராத்திரி கண்விழித்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ரோடும் ஏரியும் வீடுமாக வரைகிற உழைப்பு எனக்குத் தெரியும். 2015 சென்னை வெள்ளத்தில் தண்ணீர் தேங்கிய தெருக்களை மக்கள் குறித்துக் காட்டியது இந்த வரைபடத்தின் மேல்தான். அந்த உரிமையில் கேட்கிறேன்: ஊர்ப்பெயரை மட்டும் வீட்டில் இருந்தபடி எழுதாதீர்கள்.

ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழாக்கும்போதுதான் பிழை நுழைகிறது. அதில் லகரமும் ளகரமும் ஒன்றுதான். குறில் எது, நெடில் எது என்றும் தெரியாது. சென்னை மணலிக்கும் இமாச்சல மணாலிக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. வேளச்சேரி அப்படித்தான் வேலச்சேரி ஆகிறது. அரசுக்கே இது சுலபமாக இல்லை. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றிய அரசாணை, 2020 ஜூனில் வெளிவந்த சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

சிவகங்கைப் பக்கம் ஒரு நீர்நிலைக்கு, பக்கத்து ஊரின் பெயரோடு ‘ஏரி’ சேர்த்துப் போட்டிருந்தது. நேரில் போய், மடையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். “ஏரியா? இது பெரிய கம்மாய்ப்பா. அந்தா பனைமரம் நிக்குதுல்ல, அதுக்கு அங்கிட்டு இருக்கறது புதுக்கம்மாய்” என்றார். இரண்டும் நிரம்பிக் கிடந்தபோது எடுத்த படத்தில் நடுக்கரை தெரியவில்லை. பெயரைக் கேட்கப் போன இடத்தில், ஒன்றாக வரைந்தது இரண்டு என்று தெரிந்தது.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஊரை ஒட்டிய ஒரு குடியிருப்பை மெயின் ரோட்டு டீக்கடையில் ‘காலனி’ என்பார்கள். அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் தெருமுனைப் பலகையில் வேறு பெயர் எழுதி வைத்திருப்பார்கள். அந்தச் சொல் இழிவுக் குறியாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார். அதை நாம் புதிதாக வரைபடத்தில் ஏற்றக் கூடாது. தயவுசெய்து இன்னும் நாலு எட்டு நடந்து, அங்கே இருப்பவர்களிடமே கேளுங்கள்.

ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் ஆகியவற்றின் பலகைகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகைக்குப் பலகை எழுத்து மாறும். அப்போது ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் வாயால் சொல்லக் கேட்டு முடிவுசெய்யுங்கள். வருவாய்த்துறைப் பதிவில் வேறு பெயர் இருந்தால் அதையும் தூக்கி எறிய வேண்டாம், அதிகாரப்பூர்வப் பெயருக்கென்று தனி இடம் இருக்கிறதே. கூகுள் மேப்பிலிருந்து எடுத்துப் போடுவது உரிமப்படியே தப்பு. போக முடியவில்லையா, சரி, பெயரைக் காலியாக விட்டு ஒரு குறிப்பு மட்டும் போடுங்கள். அந்தப் பக்கத்துக்காரர் யாராவது பார்த்து நிரப்புவார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரைச் சுற்றியுள்ள பெயர்களை ஒருமுறை சரிபாருங்கள். நான் அந்த இரண்டு கண்மாய்க்கும் நடுவில் இருக்கும் கரையில் ஜிபிஎஸ்ஸோடு நடக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்களோடு வரைபவன்