கேட்டே பார்த்த படங்கள்

சார்ஜா,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய அப்புச்சி அவர்களுக்கு,

உங்கள் பேரன் எழுதுவது. நான் இங்கே நலம். உங்கள் நலமும் அம்மாயி நலமும் அறிய ஆவல். போனில் பேசுவது காற்றோடு போய்விடுகிறது, கடிதமென்றால் அம்மிணியை இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று நீங்கள் சொன்னதாக அம்மா சொன்னார்கள். ஆகையால் எழுதுகிறேன். உங்களிடம் சொல்வதற்கென்றே சேர்த்து வைத்திருப்பது சினிமாச் செய்திதான்.

இந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். அந்த இரண்டரை மணி நேரமும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அட்டையை விரித்துப் படுத்துவிடுவோம். வெளியே கண்கூசும் வெயில். கண்ணைத் திறக்கவே மனம் வராது. யாராவது ஒருவர் போனில் ஒரு படத்தைப் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிடுவார். அதைப் பார்ப்பவர் எவருமில்லை, எல்லோரும் கேட்பவர்களே. படத்தின் வசனத்தையும் பாட்டையும் மட்டும் கேட்கத் தரும் ஒலிச்சித்திரம் வானொலியில் வரும் நாட்களில் நீங்கள் திண்ணையில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பீர்கள். தூங்குகிறீர்கள் என்று எண்ணி நான் பெட்டியை நிறுத்தப் போனால் அதட்டுவீர்கள். அந்த அதட்டலின் நியாயம் எனக்கு இங்கே வந்த பிறகுதான் விளங்கிற்று.

கேட்கக்கூடிய படம் எது, கேட்க முடியாத படம் எது என்பது இரண்டு கோடைகளில் எனக்குத் தெளிவாகிவிட்டது. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், சிவாஜி எந்தச் சொல்லில் ஓர் அடி முன்னே வைக்கிறார், எந்தச் சொல்லில் மீசையைத் தொடுகிறார் என்பதுகூடக் குரலிலேயே தெரிகிறது. பி. எஸ். வீரப்பா சிரித்தாலே போதும், ஆள் எதிரில் வந்து நின்றுவிடுகிறார். எம். ஆர். ராதா ஒரே வரியில் இரண்டு குரலை மாற்றி மாற்றிப் பேசுவதை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் முழுவதுமாகக் கவனிக்க முடியாது என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் தொடங்கியதும், தமிழ் தெரியாத பஞ்சாபிக்காரர் ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இப்போதைய படங்களில் துப்பாக்கிச் சத்தமும் மேளமும் சேர்ந்து வசனத்தை விழுங்கிவிடுகின்றன. அதற்காக இன்றைய நடிகர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2022இல் வந்த 'விக்ரம்' படத்தில் பகத் பாசில் பாதிப் பேச்சைக் கண்ணாலேயே பேசிவிடுகிறார். அது கண்ணுள்ளவர்களுக்குக் கொண்டாட்டம், நம் மதியக் கூட்டத்துக்கு நஷ்டம். விதிவிலக்காக, 'ஜெயிலர்' படத்தின் வில்லன் விநாயகனைச் சொல்லலாம்: மலையாளமும் தமிழுமாகக் கலந்து அவர் பேசுவதைக் கேட்டால், நம் எல்லையோர வேலந்தாவளத்தில் யாரோ விலை பேசுவதைப் போலவே இருக்கிறது.

எங்கள் மேற்பார்வையாளர் எகிப்துக்காரர். அவருக்கு இந்திய சினிமா என்றால் அமிதாப் பச்சன் மட்டுமே. கட்டபொம்மனாக நடித்ததற்காக 1960இல் அவருடைய கெய்ரோவிலேயே எங்கள் நடிகர் ஒருவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள் என்று சொல்லி, வெள்ளைக்காரனுக்கு வரி கட்ட மறுக்கும் காட்சியைக் கேட்க வைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, இவர் யாரிடம் கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை என்று கேட்டார். ஏறக்குறையச் சரியாகவே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

அறையில் திருச்சூர்க்காரரும் திருநெல்வேலிக்காரரும் நீ மலையாளியா, தமிழனா, யாருடைய ஆள் என்று என்னைக் கேட்டு ஓய்வதில்லை. நம் பாலக்காட்டுச் சீமையில்தான் எம்.ஜி.ஆரின் பூர்வீகம் நல்லேப்பிள்ளிப் பக்கம், எம். எஸ். விஸ்வநாதன் பிறந்தது எலப்புள்ளி, அவர்களை முதலில் பங்கு பிரித்துவிட்டு என்னிடம் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பார்க்க மூவரும் சேர்ந்தே தியேட்டருக்குப் போனோம். இங்கே நம் படங்களுக்குத் திரையின் அடியில் அரபு எழுத்து ஓடும். குழியில் விழுந்தவனை மேலே தூக்கும் இடத்தில், 1991இல் வந்த 'குணா' படத்துப் பாட்டு ஒலித்தபோது, அரபு எழுத்தைக் கவனிப்பவர் யாருமில்லாமல் தியேட்டர் முழுவதும் பாடியது. திருச்சூர்க்காரர் எங்களைவிடச் சுத்தமாகப் பாடினார்.

ஆனால் உங்களுக்கென்று நான் எடுத்து வைத்திருக்கும் படம் வேறு. மம்மூட்டி நடித்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' 2023 ஜனவரியில் தியேட்டர்களுக்கு வந்தது. வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளிகளின் பஸ்ஸில் தூங்கி விழித்த ஜேம்ஸ் என்பவர், வழியில் இறங்கி ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து போய், காணாமற்போன சுந்தரமாக மாறி, அந்த வீட்டில் உரிமையோடு தமிழ் பேசத் தொடங்கிவிடுகிறார். படம் நெடுகிலும் ஊரின் வீடுகளிலிருந்து பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் மிதந்து வந்துகொண்டே இருக்கின்றன. அந்த வீட்டில் கண் தெரியாத ஒரு வயதான தாய், டிவிக்கு முன்னால் அமர்ந்து படம் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊரே வந்தவனை அந்நியன் என்று விரட்டப் பார்க்கும்போது, அவர் மட்டும் மகனாகவே ஏற்றுக்கொள்கிறார். அந்த இடத்தில் எனக்கு உங்கள் நினைவு வந்தது. மதிய நேரம் முடிந்து விசில் ஊதியும் எழுந்திருக்கத் தாமதமாயிற்று.

அடுத்த மாதம் விடுமுறையில் வரும் நண்பர் கையில் ஒரு சிறிய பாட்டுப் பெட்டி கொடுத்தனுப்புகிறேன். மேலே சொன்ன பழைய படங்களின் வசனமும் பாட்டும் அதில் இருக்கின்றன. மம்மூட்டி படத்தை மட்டும் அம்மிணி தன் போனில் போட்டுப் பக்கத்தில் வைக்கட்டும். மலையாளம் வரும் இடங்களை அவள் விளக்க வேண்டியதில்லை, அம்மாயிதான் இடையில் பேசாமல் இருக்க வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னார்கள். நெல் அறுப்பைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். பெட்டியின் வலப்பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் உள்ளன. தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருப்பதுதான் சத்தத்தைக் கூட்டுவது.

இப்படிக்கு,
உங்கள் பேரன்