பெரியப்பாவுக்கு, கேம்பிரிட்ஜிலிருந்து

கேம்பிரிட்ஜ்,
டிசம்பர்.

அன்பும் மதிப்பும் மிக்க பெரியப்பா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயைப் பற்றி ஆராயப் போனவளுக்குத் தவளைக் கூடத்தில் என்ன வேலை என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இத்தனை ஆண்டுகள் விலங்கியல் நடத்திய உங்களுக்கு அதை விரிவாகவே எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே இப்போது மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. குளிருக்குப் பழகிவிட்டேன், இந்த இருட்டுக்குத்தான் இன்னும் பழகவில்லை. எங்கள் கூடத்தில் இருப்பது நீங்கள் பாடம் நடத்திய, நம் ஊர்ப் பச்சைத் தவளையான ராணா ஹெக்சாடாக்டைலா அல்ல. ஜீனோபஸ் லேவிஸ் என்னும் ஆப்பிரிக்கத் தவளை. இதற்கு நாக்கு கிடையாது, பின்கால் விரல்களில் நகம் உண்டு, வாழ்நாள் முழுவதும் தண்ணீரிலேயே இருக்கும். கர்ப்பிணியின் சிறுநீரை ஊசியில் ஏற்றினால் பெண் தவளை சில மணி நேரத்தில் முட்டையிட்டுவிடும் என்று 1930களில் கேப் டவுன் ஆய்வாளர்கள் கண்டறிந்த பிறகு, கர்ப்பப் பரிசோதனைக்காகவே இந்தத் தவளை உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டது. நாங்களும் முதல் நாள் மாலை, அந்தச் சிறுநீரில் இருக்கும் அதே கர்ப்ப ஹார்மோனைத்தான் ஊசியில் செலுத்துகிறோம். மறுநாள் காலையில் முட்டைகள் தயாராக இருக்கும். முட்டையிட்ட தவளைக்கு அதன்பின் சில மாதங்கள் ஓய்வு. உயிர்களிடம் நடந்துகொள்ளும் முறைக்கு இங்கே 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. தலைப்பிரட்டை தானாக இரை தின்னத் தொடங்கும் பருவத்திலிருந்து அந்தச் சட்டத்தின் காவலுக்குள் வந்துவிடுகிறது. எங்கள் சோதனைகள் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதைப் பெரியம்மாவிடம் சொல்லுங்கள், அவர்கள் மனம் ஆறும்.

இப்போது நோயைச் சொல்கிறேன். நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பியில் கட்டியாகத் தொடங்குவதே மிகுதி. கருவில், பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக் குழல் மூடும்போது அதன் விளிம்பிலிருந்து கிளம்பும் நரம்பு முகடுச் செல்கள் உடலெங்கும் பயணம் செய்து, சில முகத்தின் எலும்பாகவும், சில நிறமிச் செல்லாகவும், சில, இதயத் துடிப்பு போன்றவற்றைத் தானாக இயக்கும் பரிவு நரம்புகளாகவும் மாறுவதை நீங்களே எங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். அப்படிப் பரிவு நரம்பாக வேண்டிய செல், முதிராமல் பாதி வழியில் நின்று, பிரிந்து பெருகிக்கொண்டே போவதுதான் இந்த நோய். வாழ்ந்து தேய்ந்த செல் கெட்டுப்போய் வரும் முதியோர் புற்றுநோயிலிருந்து இது அடிப்படையிலேயே வேறானது. ஆகவே அந்தச் செல் இயல்பாக எப்படி முதிர்கிறது என்பதை, அது முதிரும் இடமான கருவில்தான் பார்க்க வேண்டும். தாயின் வயிற்றுக்குள் மறைவாக நடப்பது, தவளையில் கண்ணாடித் தட்டில் கண்முன்னே நடக்கிறது.

முட்டை கடுகளவுதான், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கருவுற்றதும் அதன் கரும்பாதி மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முதல் பிளவு விழுந்து இரண்டு செல்களாகும். அந்த நேரத்தில் மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரு செல்லுக்குள் மட்டும், நாம் ஆராயும் மரபணுவின் ஆர்.என்.ஏ.வை, அதாவது அதன் புரதத்தைச் செய்யச் சொல்லும் நகலை, செலுத்துகிறோம். இடம் வலமாகப் பிரியும் கருவில் ஒரு பக்கம் மாற்றப்பட்டதாகவும், மறுபக்கம் இயற்கையானதாகவும் வளர்வதால், ஒப்பிடுவதற்கு வேறு கருவைத் தேட வேண்டியதே இல்லை. மறுநாள் நரம்புச் செல்கள் மட்டும் நீலமாகத் தெரியும்படி சாயமேற்றிப் பார்த்தால், இயல்பான பக்கத்தில் மூன்று நீலக் கோடுகள் தெளிவாக ஓடும்; மாற்றிய பக்கத்தில் அந்த ஒழுங்கு கலைந்து, கோடுகளுக்கு இடையிலும் வெளியிலும் நீலப் புள்ளிகள் அடர்ந்திருக்கும். நுண்ணோக்கியில் அதை முதன்முதலாகக் கண்ட அன்று வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

நாங்கள் பார்க்கும் மரபணுக்களில் ஒன்று, செல்லை நரம்பாகத் தூண்டும் ஏ.எஸ்.சி.எல்.1. இயல்பான வளர்ச்சியில் அது சிறிது காலம் இயங்கி அடங்கிவிடும். இந்த நோயில் அடங்குவதில்லை. செல் வேகமாகப் பிரியும்போது, அந்தப் பிரிவை நடத்தும் நொதிகள், இந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் மீது பாஸ்பேட் என்னும் சிறு வேதித் துண்டுகளை ஏற்றுகின்றன. ஏற்றிய நிலையில் அது பிரிவுக்குத் துணைபோகிறது. பாஸ்பேட் ஏற முடியாதபடி அதை மாற்றித் தவளைக் கருவில் செலுத்தினால், நரம்புச் செல்கள் கூடுதலாக உருவாகின்றன. இந்த ஊர் ஆய்வாளர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே வெளியிட்டது இது. அதிலிருந்துதான் அந்த நொதிகளைத் தடுக்கும் மருந்துகளின் மீது கவனம் திரும்பியது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் பால்போசிக்லிப் அவற்றில் ஒன்று. முதிர்ச்சியைத் தூண்டும் ரெட்டினாயிக் அமிலம் ஏற்கெனவே இந்தக் குழந்தைகளின் சிகிச்சையில் உள்ளது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஆய்வகச் செல்கள் கூடுதலாக முதிர்கின்றன.

கடுமையான வகை நோயுள்ள குழந்தைகள் கீமோ, அறுவை, கதிர்வீச்சு எல்லாவற்றையும் தாங்கியும் ஏறத்தாழப் பாதிப் பேரே பிழைக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குக் காது மந்தமாகிவிடுகிறது. செல்லைக் கொல்வதோடு, அது விட்ட இடத்திலிருந்து வளர்ந்து முடிக்கச் செய்யவும் முடியுமானால் அந்தச் சுமை குறையும் என்றே உறுதியாக நினைக்கிறேன்.

எம்.ஒய்.சி.என். என்னும் மரபணு அளவுக்கு மீறிப் பெருகிய கட்டிகள்தான் மிகவும் பொல்லாதவை. சுமார் ஐந்தில் ஒரு கட்டி அப்படிப்பட்டது. அந்த மரபணு மிகுந்திருக்கும்போதும் செல்லை முதிரவைக்க முடியுமா என்று கருவில் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நீலச் சாயமேற்றிய கருக்களின் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஊசி போட்ட பக்கம் எது என்று எழுதவில்லை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகள்,
கயல்விழி