ஷட் டவுன் திரையில் இனி வரும் ஒரு வரி பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் லினக்ஸ் கணினி வாங்கியவர்கள், இந்த மாதப் புதுப்பிப்பைப் போட்டபின் ஒரு மாற்றத்தைக் கவனிப்பீர்கள். ஷட் டவுன் கொடுத்ததும் இதுவரை சுழலும் வட்டம் மட்டும்தான் தெரிந்தது. இனி, அணைய நேரமானால், "பிரிண்டர் சேவை நிற்கக் காத்திருக்கிறது (43 / 90 நொடி)" என்பதுபோல் ஒரு வரியும் சேர்ந்து வரும். பழுது என்று எண்ண வேண்டாம்.

வட்டத்தை நம்பிப் பயனில்லை. உள்ளே வேலை நடந்தாலும் சுற்றும், நடக்காவிட்டாலும் சுற்றும். மெஷின் தொங்கிவிட்டது என்று பலர் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதில் வியப்பே இல்லை.

நடப்பது இதுதான். அணைக்கச் சொன்னதும், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி என்ற நிரல், பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களான சேவைகளுக்கு 'முடித்துக்கொள்' என்று சிக்டெர்ம் சமிக்ஞை அனுப்புகிறது. பெரும்பாலானவை கண்மூடித் திறப்பதற்குள் நின்றுவிடும். அடம்பிடிப்பவற்றுக்கு வழக்கமான கெடு 90 நொடி. அதற்குப் பிறகு சிக்கில், அதாவது கட்டாய நிறுத்தம். திரையில் முதல் எண் கழிந்த நேரம், அடுத்தது கெடு. தரவுத்தளம் போன்ற சிலவற்றுக்குக் கெடு இன்னும் நீளம்.

சதவீதப் பட்டை வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம்தான். ஐம்பது சேவைகளில் நாற்பத்தொன்பது உடனே நின்றுவிட, பட்டை 98 சதவீதத்துக்குத் தாவி, அங்கேயே ஒன்றரை நிமிடம் நிற்கும். வட்டமே மேல் என்றாகிவிடும்!

கெடுவைக் குறைக்கவும் மனமில்லை. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2023-இல், தன் 38-ஆம் பதிப்பில், அதை 45 நொடியாக்கியது. ஆனால் உங்களில் பலர் பில்லிங்கும் கணக்கும் ஓட்டுகிறீர்கள். நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதி முடிக்கும் முன் தரவுத்தளத்தை வெட்டிவிட நாங்கள் தயாரில்லை.

அப்புறம், பென் டிரைவ். பெரிய கோப்பை நகலெடுத்து 'முடிந்தது' என்று வந்தாலும், அதில் ஒரு பகுதி இன்னும் நினைவகத்திலேயே இருக்கக்கூடும். அந்த நேரத்தில் ஷட் டவுன் கொடுத்தால் மிச்சம் முழுவதையும் எழுதிவிட்டுத்தான் கணினி அணையும். அதுவரை டிரைவைப் பிடுங்க வேண்டாம்.

என்றைக்கோ ஒரு நாள் தாமதமானால் விட்டுவிடுங்கள். ஒரே சேவையின் பெயர் தினமும் வந்தால் மட்டும் திரையைப் போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பெயர் தெரிந்துவிட்டால், பெரும்பாலும் மெஷினைக் கொண்டுவராமலே சரிசெய்துவிடலாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு