பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ரேஸிங் கார்ட்டை (பந்தயத்தில் ஓடும் சிறிய, திறந்த நான்கு சக்கர வண்டி) வாங்கி வீட்டிலேயே புதுப்பிப்பது எப்படி என்று உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையில் வேலைகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவு, பிறகு உப்புத்தாள் போடு, பிறகு பெயின்ட் அடி, கடைசியில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார் என்கிறார் கட்டுரையாளர். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் கார்ட்டைச் சுத்தம் செய்வதே விரிசலைத் தேடத்தான். பெயின்ட் அந்த விரிசலை மூடி மறைத்துவிடும்.

1956-இல் ஆர்ட் இங்கெல்ஸ் கலிஃபோர்னியாவில் புல்வெட்டி எஞ்சினை வைத்து முதல் கார்ட்டைக் கட்டியபோது அதில் ஸ்பிரிங் இல்லை, டிஃபரன்ஷியலும் (திருப்பத்தில் இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு) இல்லை. இன்றைய ரேஸிங் கார்ட்டிலும் இல்லை. பின் ஆக்சில் ஒரே துண்டு. திருப்பத்தில் உள்பக்கப் பின் சக்கரம் கொஞ்சம் தூக்கினால்தான் வண்டி திரும்பும். அதற்காகச் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) குழாய்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் முறுகி நிமிர்கின்றன. சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய வேலையைக் குழாயும் வெல்டிங்கும் செய்வதால், உலோகக் களைப்பு முதலில் வெல்டிங் ஓரத்தில்தான் தெரியும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அளவு நாடாவை எடுக்க வேண்டும். சீட்டின் முன் விளிம்பு, பின் உச்சி, இரு பக்க உயரம் ஆகியவை ஆக்சில் மையத்திலிருந்தும் தரையிலிருந்தும் எத்தனை மி.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடைப் பங்கீட்டைத் தீர்மானிப்பதே சீட் இருக்கும் இடம்தான். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் பின்பக்கம் சுமார் 57 முதல் 60 சதவீதம் எடை இருப்பது வழக்கம். சீட் 10 மி.மீ. நகர்ந்தாலே ஓட்டுகிறவருக்குத் தெரியும். முன் ஸ்டப் ஆக்சிலில் (முன் சக்கரம் மாட்டும் குட்டை அச்சு) சக்கரத்துக்கு உள்ளே எத்தனை ஸ்பேசர் (இடைவெளி வளையம்), வெளியே எத்தனை, கிங் பின்னின் (ஸ்டப் ஆக்சில் திரும்புவதற்கான செங்குத்து முளை) மேலும் கீழும் எத்தனை வாஷர் என்பதை இடம், வலம் தனித்தனியாக எழுதி, போட்டோவும் எடுத்துவிடுங்கள். கழற்றிய போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல் பகுதிவாரியாகச் சிறு பைகளில் பெயர் எழுதிப் போட்டால், பூட்டும்போது ஒரு நாள் மிச்சமாகும்.

கழுவும் முறைக்கு வருவோம். பிரஷர் வாஷரைக் கார்ட்டின் பக்கமே கொண்டுவர வேண்டாம். அந்த வேகத்தில் போகும் தண்ணீர் பேரிங் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். கார்புரேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் எஞ்சினுக்குள் இறங்கினால் கிராங்க் பேரிங் ஓரிரு வாரத்தில் துருப் பிடிக்கும். எஞ்சின், கார்புரேட்டர், வயரிங் எல்லாவற்றையும் முதலில் கழற்றி, திறந்த வாய்களைத் துணி வைத்து அடையுங்கள். செயின் கிரீஸும் மண்ணும் சேர்ந்து ஸ்புராக்கெட்டை (செயின் ஓடும் பற்சக்கரம்) சுற்றித் தாரைப் போல இறுகியிருக்கும். அதை மரத்துண்டால் சுரண்டி, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு ஊறவைத்துத் தேய்த்தால் போதும். பெட்ரோலால் கழுவுவது தீயோடு விளையாடுவது. கழுவிய எண்ணெயைச் சாக்கடையில் விடாமல் கேனில் பிடித்து வையுங்கள்.

இரண்டு இடங்களில் கை தவறும். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர்கள் இரும்பைத் தொடாமல் விட்டாலும் அலுமினிய ஹப்பையும் எஞ்சின் உடலையும் கறுக்க வைத்து அரித்துவிடும். இன்னொன்று, விலை உயர்ந்த கார்ட் ரிம்கள் பல மெக்னீசியத்தால் ஆனவை. அவற்றைக் கிரைண்டரில் தேய்த்தால் பறக்கும் தூள் தீப்பிடிக்கும், அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். ரிம்முக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

குழாய் வெறுமையாக வெளியே வந்ததும் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு வெல்டிங்கையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழைபோல் ஒரு துருக்கோடு ஓடினால் அதன் அடியில் விரிசல் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். அதிகம் உடையும் இடங்கள் கிங் பின்னைத் தாங்கும் கவைகள், சீட்டைத் தாங்கும் குழாய்களின் அடி, பின் பேரிங் தொங்கும் தகடுகள், எஞ்சின் உட்காரும் நீளக் குழாய்கள். சந்தேகம் இருக்கும் இடத்தில் விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைப் பயன்படுத்துங்கள். அந்த இடத்தில் பெயின்ட்டை நீக்கிச் சுத்தம் செய்து, சாயத்தை அடித்து 10 முதல் 15 நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பி நிற்கும்.

வண்டியைக் கவிழ்த்து அடியையும் பார்க்க வேண்டும். பந்தயத் தடத்தின் ஓரத்தில் நடைபாதை விளிம்பு போல் இருக்கும் கர்ப்களில் ஏறி இறங்கித் தேய்ந்து, வட்டக் குழாயின் அடிப்பாகம் தட்டையாகியிருக்கும். குழாயின் சுவரே சுமார் 2 மி.மீ. கனம்தான். அகலமான தட்டைப் பட்டை தெரிந்தால் அந்தச் சேசிஸுக்குப் பணம் போடாமல் விட்டுவிடுவது நல்லது. வளைவைக் கண்டுபிடிக்க, இடது கிங் பின் மையத்திலிருந்து வலது பின் பேரிங் வரை ஒரு குறுக்களவு, வலதிலிருந்து இடதுக்கு இன்னொன்று எடுங்கள். இரண்டும் ஓரிரு மி.மீ.க்குள் பொருந்த வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேசிஸ் நிமிர்த்தும் மேசை உள்ளவரிடம் போக வேண்டும். விரிசலையும் வீட்டு ஆர்க் வெல்டிங்கில் மூட வேண்டாம். இந்தக் குழாய்கள் குரோம்-மாலிப்டினம் எஃகு. சூடாகி வேகமாகக் குளிர்ந்தால் வெல்டிங்குக்கு அடுத்த பகுதி நொறுங்கும் தன்மை பெறும், அடுத்த விரிசல் அங்கேயே வரும். டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் கொண்டு செய்வது) தெரிந்தவர், விரிசலின் நுனியில் துளை போட்டு, பள்ளம் எடுத்து நிரப்பட்டும்.

பின் ஆக்சில் பெரும்பாலும் 50 மி.மீ. விட்டமுள்ள உள்ளீடற்ற குழாய். பேரிங்குகளின் கிரப் ஸ்குரூக்களை (தலையில்லாத சிறு ஸ்குரூக்கள்) தளர்த்திய பிறகும் ஆக்சில் உருவ வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். ஸ்குரூ பதிந்த இடத்தில் எழும்பிய பிசிறுதான் தடுக்கும். மெல்லிய அரத்தால் அதைச் சீவிவிட்டால் நகரும். வெளியே எடுத்த ஆக்சிலை இரண்டு வி-வடிவத் தாங்கிகளில் வைத்து மெதுவாகச் சுற்றி, ஓரத்தில் ஒரு கம்பியை நிறுத்தினால் வளைவு கண்ணுக்கே தெரியும். பேரிங்கைக் காதருகே சுற்றிக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள், மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். திருப்பிப் பூட்டும்போது எல்லா பேரிங் கூடுகளையும் முதலில் லேசாக மட்டும் பிடித்து, ஆக்சில் தன்னால் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள். கூடுகளை முதலிலேயே இறுக்கினால் ஆக்சில் இழுபட்டு, எஞ்சினின் சக்தியைத் தின்னும்.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தேட ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதாக ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தேய்ந்த ராட் எண்டை (கம்பி முனையிலுள்ள உருண்டை மூட்டு) மாற்றும்போது கவனிக்க வேண்டியது, டை ராடின் (ஸ்டீயரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) ஒரு முனை இடது மரை. தெரியாமல் பலம் போட்டால் மரை போய்விடும். நைலான் வளையம் உள்ள லாக் நட்டுகளை ஒரு முறைக்கு மேல் நம்ப வேண்டாம், ஸ்டீயரிங்கிலும் பிரேக்கிலும் கண்டிப்பாகப் புதியவை. முன் சக்கரங்களின் நேர்ப்பாட்டை நேரிலிருந்து 2 மி.மீ. வெளிவிரிவு (சக்கரங்களின் முன்பக்கம் வெளிநோக்கி விரிவது) வரை வைத்துத் தொடங்கலாம்.

பிரேக்கில் எந்த எண்ணெய் என்று தெரியாமல் மேலே ஊற்றக் கூடாது. பிரேக் எண்ணெய் வகைகளில் டாட் 4 ஈரத்தை உறிஞ்சும் வகை, டாட் 5 சிலிக்கோன். இரண்டும் சேராது, ஒன்றின் மேல் ஒன்றை ஊற்றினால் பெடல் பஞ்சு மாதிரி ஆகும். டாட் 5.1 என்பது பெயரில்தான் 5, இனத்தில் டாட் 4-இன் உறவு. பழைய கார்ட்டில் எது இருந்தது என்று தெரியாவிட்டால் முழுவதும் வடித்து, தயாரிப்பாளர் சொல்லும் எண்ணெய்க்கு ஏற்ற சீல்களைப் புதிதாகப் போட்டு நிரப்புவதே பாதுகாப்பு. டாட் 4 பெயின்ட்டைக் கரைக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் மட்டும் துடையுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே ஒரு துளி பட்டாலும் பேட் எண்ணெயைக் குடித்துவிடும், தேய்த்துச் சரிசெய்ய முடியாது. பெடல் கம்பியோடு கூடவே ஓடும் பாதுகாப்புக் கேபிள் பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும்.

எஞ்சினில்தான் அவசரம் அதிகம் கெடுக்கிறது. பல மாதம் நின்ற டூ-ஸ்டிரோக் எஞ்சினை அப்படியே ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்? பழைய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக மாறி ஜெட்டைப் பாதி அடைத்திருக்கும். இந்த எஞ்சினில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் குளிர்ச்சியும் மசகும் ஒன்றாகக் குறைகின்றன; சில நிமிடத்தில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வும். அதனால் முதலில் சைலன்சரைக் கழற்றி, வாயில் டார்ச் அடித்துப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். மேலும் கீழுமாகக் கோடுகள் இருந்தால் எஞ்சின் ஏற்கெனவே ஒரு முறை கவ்வியிருக்கிறது. சுத்தமாக இருந்தால் பிளக் துளையில் கொஞ்சம் டூ-ஸ்டிரோக் ஆயிலை விட்டுக் கையால் சுற்றுங்கள், கரகரப்புக் கேட்டால் அத்தோடு நிறுத்திவிட்டு கிராங்க்கைப் பிரிக்க வேண்டும்.

சிலிண்டரைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் யோசனை சிலருக்கு வரும். ரோட்டாக்ஸ் மேக்ஸ் போன்ற எஞ்சின்களில் சிலிண்டர் சுவர் நிக்கல் கலந்த பூச்சு. அது உரிந்தால் பூச்சையே மறுபடி போட வேண்டும், போர் செய்ய (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) முடியாது. வார்ப்பிரும்பு லைனர் உள்ளதை அளவெடுத்துப் போர் செய்து பெரிய பிஸ்டன் போடலாம்.

டயஃப்ரம் வகைக் கார்புரேட்டரில் டயஃப்ரம், கேஸ்கெட், ஊசி அடங்கிய கிட்டைப் போட்டுவிடுங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகும். கிளீனரும் காற்றும் போதும். கிளீனர் அடிக்கும் முன் ரப்பர் பாகங்களை எடுத்துவிட வேண்டும். பெட்ரோல் ஹோஸ், கிராங்க் கேஸிலிருந்து பம்புக்குப் போகும் பல்ஸ் ஹோஸ் இரண்டும் விறைத்திருந்தால் மாற்றுங்கள், அங்கே நுழையும் காற்றும் எஞ்சினைக் கவ்வ வைக்கும். ஆயில் கலவை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ரோட்டாக்ஸ் மேக்ஸுக்கு 50-க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 100 மி.லி. ஐஏஎம்இ எக்ஸ்30 எஞ்சினுக்கு வழக்கமாக 4 சதவீதம், 5 லிட்டருக்கு 200 மி.லி.

ஃபோர்-ஸ்டிரோக் கார்ட் வாங்கியவர்களுக்கு வேலை குறைவு. ஹோண்டா ஜிஎக்ஸ்200 என்றால் 0.6 லிட்டர் ஆயிலைச் சூடாக வடித்து மாற்றி, எஞ்சின் குளிர்ந்தபின் வால்வு இடைவெளியைத் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் வைத்து, பிளக் இடைவெளியை 0.7 முதல் 0.8 மி.மீ.க்குள் அமைத்தால் பெரும்பாலும் ஓடத் தயார்.

செயினும் ஸ்புராக்கெட்டும் ஜோடி. பற்கள் கொக்கிபோல் சாய்ந்திருக்கும் பழைய ஸ்புராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் செயின்தான் கெடும். இரண்டு ஸ்புராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். ஆக்சிலை ஒரு சுற்று சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் 10 முதல் 15 மி.மீ. தளர்வு விடுங்கள். கிளிப் உள்ள செயினில் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

டயரில் அதிகம் பேச ஒன்றுமில்லை. நகம் பதியாத பழைய ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத) டயர் பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும் தரையைப் பிடிக்காது.

இவ்வளவும் முடிந்த பிறகு பெயின்ட். பவுடர் கோட்டிங் கொடுத்தால் பேரிங் உட்காரும் முகங்கள், கிங் பின் துளைகள், மரைகள், சேசிஸ் எண் பதித்த இடம் எல்லாவற்றையும் மறைத்துக் கொடுங்கள். மணல் வீச்சு செய்தால் குழாயின் திறந்த வாய்களை அடையுங்கள், உள்ளே போன மணல் பிறகு பேரிங்குக்குள் வரும்.

முதல் நாள் மெதுவாக 5 சுற்று போதும். நிறுத்திவிட்டு சக்கர நட், சீட் போல்ட், ஆக்சிலின் கிரப் ஸ்குரூ, ஸ்டீயரிங், எஞ்சின் கிளாம்ப் எல்லாவற்றையும் திரும்ப ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். செயின் இழுப்பதால் எஞ்சின் கிளாம்ப்தான் பெரும்பாலும் முதலில் தளரும். கடைசியாக இறுக்கியதும் நட்டின் மேலும் பக்கத்துக் குழாயின் மேலும் சேர்த்து மெல்லிய பெயின்ட் கோடு ஒன்று இழுங்கள். அடுத்த முறை வண்டியை எடுக்கும் முன் குனிந்து பாருங்கள். கோடு முறிந்து நின்றால் நட் நகர்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
கார்ட் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்