லோவோசெரோவிலிருந்து சேகருக்கு

அன்புள்ள சேகர்,

நலம். அத்தைக்குக் கால் வலி தேவலையா? சந்துருவின் கடன் விஷயத்தை மட்டும் என்னிடம் கேட்காதே, நீயும் அவனும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

துருவ ஒளி போட்டோ எங்கே என்று நச்சரிக்கிறாய். பார்த்தேன்டா, அனுப்புகிறேன். ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் மூர்மான்ஸ்க் 1916ல் உருவான ஊர், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே அதைவிடப் பெரிய நகரம் உலகத்தில் கிடையாது. டிசம்பரில் சூரியன் தலைகாட்டுவதே இல்லை, ஆனாலும் அட்லான்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை. சரி, அது போதும்.

நான் எழுத உட்கார்ந்தது லோவோசெரோவைப் பற்றி. கோலா தீபகற்பத்தின் நடுவே இருக்கும் இந்த ஊரில்தான் ரஷ்யாவின் சாமி என்ற பழங்குடி மக்கள் அதிகம். நேற்று ஒரு துருவ மான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்னங்காலால் பனியைத் தோண்டி, மூக்கை உள்ளே விட்டு, தரையில் பாசி மாதிரி படரும் வெளிறிய லைக்கனைத் தின்றுகொண்டிருந்தது. அந்த லைக்கன் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஓரிடத்தில் மேய்ந்து தீர்த்தால் மறுபடி வளர எத்தனையோ வருஷம் ஆகும், அதனால்தான் மந்தையோடு மனிதர்களும் காலங்காலமாக இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

அப்படிப்பட்டவர்களை சோவியத் அரசு கூட்டுப்பண்ணைகளில் சேர்த்து, அப்புறம் சின்னச் சின்ன ஊர்களை மூடி, இங்கே கொண்டுவந்து குவித்துவிட்டது. வோரோன்யே என்ற ஊர் 1960களில் நீர்மின் அணைக்காகத் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆற்றங்கரையில் வலை போட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் விட்டதில் வீட்டுப் பேச்சும் அறுந்துபோனது. சாமி மொழிகளில் ஒன்றான அக்கலா சாமியைப் பேசிய கடைசி ஆள் 2003ல் இறந்துவிட்டார். இன்னொரு சாமி மொழியான கில்டின் சாமிக்கு 1982ல் அலெக்சாண்ட்ரா அன்டோனோவா என்ற ஆசிரியர் அரிச்சுவடி கொண்டுவந்தார், அப்படியும் இன்றைக்கு அதைச் சரளமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வயசாளிகள்தான்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை சேகர். 2010 கணக்கெடுப்பில் ரஷ்யா முழுக்கச் சாமிகள் 1,771 பேர். நம் காலேஜ் ஆண்டு விழாவுக்கே இதைவிடக் கூட்டம் வரும். கொஞ்சம் பேர்தானே என்றுதான் அவர்களைக் கேட்காமலே எல்லாம் முடிவாகியிருக்கிறது. வளர்ச்சி என்றால் யாராவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நீ டீக்கடையில் அடித்துப் பேசுவாயே, யார் விட்டுக்கொடுத்தார்கள், மின்சாரம் யாருக்குப் போனது என்று இந்த ஊருக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்.

அடுத்த வாரம் தெற்கே வெண்கடல் பக்கம் இருக்கும் வர்சுகா என்ற ஊருக்குப் போகிறேன், பழைய மரக் கோயில் ஒன்று இருக்கிறது. பதில் எழுது, வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.

உன்,
பாலு